ரிப்போர்ட்டில் இரண்டு வைரஸ் இருந்தால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கிவிட்டால் ‘ஒரே குழந்தைக்கு இரண்டு வைரஸ்’, ‘மூன்று வைரஸ் தாக்குதல்’ என்ற செய்திகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. சென்ற வாரம் தங்கள் இதழிலும் அப்படி ஒன்று வந்திருந்தது. எத்தனை வைரஸ் என்று அதில் இருந்தது; எந்தெந்த வைரஸ் என்பது இல்லை. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவதைத்தான். இரண்டு வைரஸ் என்பதால் ஆபத்து இரண்டு மடங்கு என்று கணக்குப் போட முடியாது. உண்மையிலேயே பயப்பட வேண்டிய சேர்க்கைகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. மற்ற பலவற்றில் இரண்டாவது பெயர் நோயின் போக்கை மாற்றுவதில்லை.

முதலில் அந்த டெஸ்ட்டைப் பற்றி. பல ஆயிரம் ரூபாய் செலவில் எடுக்கும் ‘ரெஸ்பிரேட்டரி பேனல்’ என்பது, மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியில் (ஸ்வாப்) சுமார் இருபது கிருமிகளின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று ஒரே நேரத்தில் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனை. துணுக்கு உயிருள்ள வைரஸிலிருந்து வந்ததா, போன மாதச் சளியில் மிச்சமிருப்பதா என்று அதற்குத் தெரியாது. சாதாரண சளியைத் தரும் ரைனோ வைரஸ், சளி நின்ற பிறகும் இரண்டு மூன்று வாரம் பி.சி.ஆரில் தெரியும். சுவாசத்தைத் தாக்கும் இன்னொரு வைரஸான போக்கா மாதக்கணக்கில்கூடத் தெரியும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலும் ரைனோ வைரஸ் அடிக்கடி கிடைக்கிறது. ஆகவே, மூச்சு இளைப்போடு வந்த ஒரு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் ‘ஆர்.எஸ்.வி., ரைனோ வைரஸ்’ என்று இருந்தால், இளைப்புக்குக் காரணம் பெரும்பாலும் கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ்தான். ரைனோ பழைய பாக்கியாக இருக்கலாம்.

சில லேப்கள் ஒவ்வொரு வைரஸுக்கும் சி.டி. மதிப்பை (பி.சி.ஆரில் எத்தனை சுற்றுப் பெருக்கிய பிறகு வைரஸ் தெரிந்தது என்ற எண்ணை) கொடுக்கின்றன. அந்த எண் குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று அர்த்தம். ஒன்று 18, மற்றொன்று 36 என்றிருந்தால், இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்வாப் சரியாக எடுக்காவிட்டாலும் எண் ஏறிவிடும் என்பதால், அதை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, ஒரு வைரஸ் மட்டும் உள்ளவர்களையும் பல வைரஸ் உள்ளவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மொத்தத்தில் நோயின் தீவிரம் கூடியதாகத் தெரியவில்லை. விதிவிலக்கும் உண்டு. ஆர்.எஸ்.வி.யும், அதைப் போலவே சுவாசத்தைத் தாக்கும் எச்.எம்.பி.வி. என்ற வைரஸும் சேர்ந்த கைக்குழந்தைகளுக்கு ஐ.சி.யூ. தேவைப்படும் வாய்ப்பு பத்து மடங்கு என்று 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் அது அப்படியே உறுதியாகவில்லை. ஆனால் குறைமாதப் பிறப்பு, பிறவி இருதயக் கோளாறு, மூன்று மாதத்துக்கும் குறைந்த வயது, எடைக் குறைவு ஆகியவை நோயை முற்றவைக்கும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரிப்போர்ட்டில் உள்ள இரண்டாவது பெயரைவிட இவை முக்கியம்.

ஒரு வைரஸ் இன்னொன்றைத் தடுப்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005 முதல் 2013 வரை 44,000க்கும் மேற்பட்ட சளிக்காய்ச்சல் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை அலசி 2019இல் வெளியிட்டார்கள். இன்ஃப்ளூயன்ஸா ஏ (ஃப்ளூ வைரஸின் ஒரு வகை) பரவும் காலத்தில் ரைனோ வைரஸ் குறைவதும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதும் அதில் தெரிந்தது. காரணத்தை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2020இல் காட்டினார்கள். பரிசோதனைச் சாலையில் வளர்த்த சுவாசக்குழாய்த் திசுவில் முதலில் ரைனோ வைரஸைச் செலுத்தி, மூன்று நாள் கழித்து ஃப்ளூவைச் செலுத்தினால் ஃப்ளூ சரியாக வளரவில்லை. முதல் வைரஸ் வந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்து தயாராகிவிடுகின்றன. அந்த இன்டர்ஃபெரானின் வேலையைத் தடுத்தபோது ஃப்ளூ மறுபடி வளர்ந்தது. இந்தப் பாதுகாப்பு தற்காலிகமானது. இதை நம்பி யாரும் சளியை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, பயப்பட வேண்டிய சேர்க்கை. ஃப்ளூவும் கோவிடும் ஒன்றாக வருவதுதான் அது. பிரிட்டனில் 2020 பிப்ரவரி முதல் 2021 டிசம்பர் வரை கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களில், வேறு வைரஸ்களுக்கும் பரிசோதிக்கப்பட்ட 6,965 பேரின் விவரம் 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 583 பேருக்கு இன்னொரு வைரஸும் இருந்தது: 227 பேருக்கு ஃப்ளூ, 220 பேருக்கு ஆர்.எஸ்.வி., 136 பேருக்கு அடினோ வைரஸ். ஃப்ளூ சேர்ந்தவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு நான்கு மடங்கு, இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். ஆர்.எஸ்.வி. சேர்ந்தவர்களிடம் அப்படிப்பட்ட கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. அதே ‘இரட்டைத் தொற்று’தான்; ஆனால் எந்த ஜோடி என்பதைப் பொறுத்து விளைவு இவ்வளவு வேறுபடுகிறது.

வார்டில் நடக்கும் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கோவிட் பாசிட்டிவ் என்று வந்ததும் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆக்ஸிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம் பத்து நாள் வரை கொடுப்பது உயிர் காக்கும் என்று பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020இல் நிறுவியது. ஆனால் ஃப்ளூவில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் இறந்ததாகத்தான், நோயாளிகளைக் கவனித்து மட்டும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஃப்ளூவுக்கு ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து: 15 கிலோ வரை 30, 23 கிலோ வரை 45, 40 கிலோ வரை 60 மில்லிகிராம், அதே இரு வேளை. (ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு அளவு வேறு.) முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றியவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுக்கலாம். ஆகவே கோவிட் பாசிட்டிவ் ஆன நோயாளிக்கு மூச்சுத்திணறல் இருந்தால் ஃப்ளூவையும் பார்த்துவிட வேண்டும். இருபது கிருமி பேனல் இதற்குத் தேவையில்லை. ஃப்ளூ, கோவிட், கைக்குழந்தை என்றால் ஆர்.எஸ்.வி., இந்த மூன்றும் போதும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, செய்திகளில் அதிகம் பேசப்படாதது வைரஸோடு சேரும் பாக்டீரியா. 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று, பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். சுவாசக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் அவற்றைத் தாங்கும் செல்களை உரித்துவிடுகிறது. வெற்றுச் சுவரில் நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன.

இது பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி நடக்கும். காய்ச்சல் மூன்றாம் நான்காம் நாளில் விட்டு, பிள்ளை கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்து, பிறகு மறுபடி காய்ச்சல் ஏறினால், அதோடு மூச்சு வேகமானால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ‘வைரல்தான், தானாகப் போகும்’ என்று முதல் நாள் சொன்னது ஏழாம் நாளுக்குப் பொருந்தாது. அதற்காக முதல் நாளே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாங்கிக் கொடுப்பதிலும் பயனில்லை. வைரஸை அது ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் கிருமிக்கு மருந்து கேட்காமல் போக அது வழி செய்துவிடும். இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சில் இதைக் குறிப்பிட்டே எச்சரித்தது.

வீட்டில் பார்க்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாக வரும். கைக்குழந்தைகள் விட்டுவிட்டு மூச்சு விடுவார்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, எண் நிலைத்து நிற்கும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். 94க்குக் கீழே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 90க்குக் கீழே என்றால் ஆக்ஸிஜன் தேவை. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று கூட்டிக் காட்டலாம். பெரியவர்களுக்கான கருவி பச்சிளம் குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது.

பாராசிட்டமாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். ‘போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோம்’ என்று புதுப் பாட்டிலில் அளந்தால் இரட்டிப்பாகிவிடும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி விஷயத்தில் நிமோகாக்கல் ஊசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். ஒன்பதாம் மாத ஊசியை விட்டுவிடாதீர்கள். ஃப்ளூ ஊசி அந்தத் திட்டத்தில் இல்லை. விலை கொடுத்துத்தான் போட வேண்டும். சென்னை, வேலூர்ப் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. எனவே அவர்களுக்கு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது. இந்தத் தேதிகளையும், மூச்சு எண்ணிக்கையையும் தங்கள் இதழ் மழைக்கு முன்னால் ஒரு கட்டமாகவாவது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர்,
திருச்சி