படகுத்துறையில் ஒரு விபத்துப் பதிவேடு வேண்டும்

கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறோம். படகு கவிழ்ந்து உயிர் போனால் நாடே பேசுகிறது. கேரளத்தில் 2009இல் தேக்கடியில் 45 பேர், 2023இல் தானூரில் 22 பேர். அப்போது விசாரணையும் வரும், நிவாரணமும் வரும். நான் எழுதுவது செய்தியில் வராத காயங்களைப் பற்றி.

எங்கள் அம்மாவுக்கு நடந்தது அப்படி ஒன்று. டெல்டாவில் ஒரு படகுத்துறை. இறங்கும் நேரத்தில் படகைக் கயிறு போட்டுக் கட்டவில்லை. அம்மா ஒரு காலை மேடையில் வைத்ததும் படகு விலகிவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஊழியர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள், ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் யாரும் எதையும் எழுதவில்லை. ஏறும்போது எங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிய நோட்டு அங்கேயே மேசைமேல்தான் இருந்தது. மருத்துவமனையின் விபத்துப் பதிவு நகலில் (ஏ.ஆர். காப்பி) ‘வழுக்கி விழுந்தார்’ என்று மட்டும் இருக்கிறது. எங்கே என்று இல்லை. டிக்கெட்டோ பில் மெஷினில் வரும் வழுவழுத் தாள். சில மாதங்களில் தேதிகூடத் தெரியாமல் வெளுத்துப்போனது.

சாலையில் அடிபட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. உல்லாசப் படகில் அடிபட்டால் அப்படித் தனியாக ஒன்றும் கிடையாது. எளிய வழி நுகர்வோர் ஆணையம்தான். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். படகு டிக்கெட் அளவுக்குப் பணம் கட்டியவருக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. ‘சொந்தப் பொறுப்பில் பயணம் செய்யவும்’ என்று பலகை மாட்டிவிட்டதாலேயே அலட்சியத்துக்கான பொறுப்பு நீங்கிவிடாது. சட்டம் இவ்வளவு கொடுத்தும், அன்று அந்த இடத்தில் அடிபட்டோம் என்பதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு படகுத்துறையிலும் பக்க எண் போட்ட விபத்துப் பதிவேடு இருக்கட்டும். நேரம், படகு எண், ஓட்டியவர் பெயர், எப்படி அடிபட்டது, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அங்கேயே எழுதி, நகலை அடிபட்டவர் கையில் கொடுக்கட்டும். இது துடுப்புப் போடுபவருக்கும் பாதுகாப்பு. எழுத்தில் எதுவும் இல்லாதபோது பழி கடைசியில் அவர் தலையில்தான் விடிகிறது. கட்டுக்கம்பம் ஆடியதையோ, படி பாசி பிடித்துக் கிடந்ததையோ யாரும் கேட்பதில்லை. அப்புறம், உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் படகுகளுக்கான 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் காப்பீட்டு எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் டிக்கெட் கவுண்டரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும். காணும் பொங்கலுக்குப் பிச்சாவரத்தில் கூட்டம் அலைமோதும். அதற்கு முன்பே அது வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்