வலி வரட்டும்னு இருக்காதீங்க: ராமநாதபுரம் கடலோரத்து அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு திறந்த மடல்

தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் இருக்குற அம்மாக்களே, அத்தைமாரே, அப்பத்தாமாரே, கீழக்கரைப் பக்கத்து உம்மாமாரே, பிரசவ வார்டுல வேலை பாக்குற நர்ஸ் நான். புள்ளத்தாச்சிய எப்ப ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும்னு வீட்ல முடிவு பண்றது பெரும்பாலும் நீங்கதான், அதான் கலெக்டருக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லேன்னாலும் உடனே கிளம்புங்க. "வலி வரட்டும்", "ராகு காலம் கழியட்டும்", "கடலுக்குப் போனவன் கரைக்கு வரட்டும்"னு ராத்திரி பூரா உக்கார வச்சுட்டு மறுநா சாயங்காலம் காய்ச்சலோட கூட்டிட்டு வரும்போது மனசு கிடந்து தவிக்குது.

மாசம் நெறஞ்சவங்கள்ல 100க்கு சுமார் 8 பேருக்கு வலிக்கு முன்னாடியே தண்ணி உடையுது, அதுல பாதிப் பேருக்கு மேல 24 மணி நேரத்துல தானா வலி வந்துரும், அப்புறம் எதுக்கு ஓடணும்னு கேப்பீங்க. குடம் உடைஞ்சுட்டா கிருமி உள்ள ஏற வழி கிடைச்சிருது, நேரம் ஆக ஆக தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடுது. பிள்ளை தலை இறங்காம இருந்தா தண்ணியோட தொப்புள்கொடியும் நழுவி வந்துரலாம். அப்படி கயிறு மாதிரி எதாச்சும் வெளிய தெரிஞ்சா தொடாதீங்க, முட்டி போட்டு தலை தாழ, இடுப்பு தூக்கலா இருக்க வச்சுட்டு 108 கூப்பிடுங்க.

போனா ஊசி போட்டு வலி வர வச்சு கடைசில ஆபரேஷன்னு சொல்லிருவாங்கன்னு ஒரு பயம் இருக்கு, எனக்குத் தெரியும். 1996ல வெளிவந்த பெரிய ஆய்வுல பல நாடுகள்ல இப்படி தண்ணி உடைஞ்ச 5000 பேருக்கு மேல பாத்தாங்க, வலி வர மருந்து குடுத்தவங்களுக்கும் காத்திருந்தவங்களுக்கும் ஆபரேஷன் ஏறக்குறைய ஒரே அளவுதான். வீட்ல விளக்கெண்ணெய் குடுத்து வலி வர வைக்காதீங்க, விவரம் தெரிஞ்ச பாட்டி கைய விட்டுப் பாக்குறதும் வேணவே வேணாம், எங்க வார்டுலயே தேவையில்லாம விரல் வச்சு பாக்க மாட்டோம், அதுலதான் கிருமி ஏறும்.

மாசம் நெறையாம உடைஞ்சா கதையே வேற. 34 வாரத்துக்கு முன்னாடின்னா பிள்ளை நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி, கிருமிக்கு எரித்ரோமைசின் மாத்திரை, தொத்து இல்லேன்னா அட்மிட் பண்ணி நாள் கணக்கா பாத்துக்கிட்டே இருப்போம். "சும்மா படுக்க வச்சிருக்காங்க"ன்னு சண்டை போட்டு கூட்டிட்டுப் போயிராதீங்க ஆத்தா, அப்படி படுக்க வச்சு பாக்குறதுதான் வைத்தியமே, வயித்துக்குள்ள கிடைக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைக்கு பலம். ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரமே 55 கிலோமீட்டர் கிட்ட, அங்கருந்து மதுரைக்கு அனுப்புற மாதிரி ஆனா இன்னும் 110 இருக்கு, அதனால குறைமாசத்துல ஒரு மணி நேரம்கூட வீட்ல கழிக்காதீங்க.

எல்லாருக்கும் மடார்னு கொட்டாது. சொட்டுச் சொட்டா கசிஞ்சா ஒன்னுக்குன்னு விட்டுருவாங்க, கடல்ல பாசி எடுத்துட்டு ஈரத்துணியோட வர்ற பிள்ளைக்கு தெரியாமலே போகலாம், நீங்கதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். சந்தேகம்னாலும் வாங்க, யாரும் திட்ட மாட்டோம்.

உடைஞ்ச நேரத்த ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. சுத்தமான பேடு வைங்க, பச்சையாவோ ரத்தமாவோ நாத்தத்தோடவோ வந்தா அத மொதல்ல சொல்லுங்க. நனைஞ்ச பேட தூக்கி எறியாம கவர்ல போட்டு கொண்டாங்க, அந்தக் கலர எங்களுக்குப் பாக்கணும்.