4 பேர் டென்ட் என்றால் எத்தனை அடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாக செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறேன். ஒரு பீஸ் கைக்கு வந்தால் மார்பளவு, உயரம், கை நீளம் எல்லாம் சார்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இஞ்ச் டேப் வைத்துப் பார்ப்போம். அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தாலே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அப்படிப்பட்ட நான் வீட்டுக்கு டென்ட் வாங்கும்போது அளவு பார்க்காமல் 2,200 ரூபாயை இழந்தேன். விடுமுறைக்கு மலைப்பக்கம் போய் டென்டில் தங்க ஆசைப்படும் குடும்பங்கள் இப்போது அதிகமாகிவிட்டன. எங்கள் கம்பெனியிலேயே நாலைந்து பேர் என்னிடம் விசாரித்தார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், ஏழாவதும் நாலாவதும் படிக்கும் பிள்ளைகள், 63 வயதாகும் என் மாமியார். போன காலாண்டு விடுமுறையில் ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு ராத்திரி தங்குவதாக முடிவானது. காட்டுக்குள் எங்காவது டென்ட் அடிப்பதற்கு நான் சம்மதிக்கவே இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்த செய்தி இன்னும் மனதில் இருக்கிறது. வனத்துறை இடத்தில் அனுமதி இல்லாமல் தங்கவும் கூடாது. தோட்டத்துக்குள், காவலாளி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் என்றதும்தான் சரி என்றேன்.

டென்டை ஆன்லைனில் வாங்கினோம். "4 பேர் டென்ட், வாட்டர்ப்ரூஃப்" என்று போட்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் விரித்து, கம்பிகளைக் கோத்து நிறுத்தினோம். தரையில் முளை அடிக்க முடியாது என்பதால் நான்கு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய கேன்களை வைத்துக் கட்டினோம். அப்புறம் பழக்கதோஷத்தில் உள்ளே போய் டேப் பிடித்தேன். நீளம் 200 சென்டிமீட்டர், அகலம் 200 சென்டிமீட்டர். நான்கு பேர் படுத்தால் ஆளுக்கு 50 சென்டிமீட்டர், அதாவது இருபது இஞ்ச்கூட வராது. ஐந்து பேர் என்றால் பதினாறு இஞ்ச்தான். என் வீட்டுக்காரரின் சட்டைக்கே ஷோல்டர் 18 இஞ்ச். இரண்டு கையையும் சேர்த்தால் அதற்கும் மேல் போகும். இரண்டு பெரியவர்கள் பையை வைத்துக்கொண்டு படுக்கிற இடம் அது. அதை எந்தக் கணக்கில் 4 பேர் என்று எழுதினார்களோ தெரியவில்லை.

உயரம் நாலே கால் அடி. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. தவழ்ந்து உள்ளே போனவர், வெளியே வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "நான் வரலைம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஏற்காடு என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

கடைசியாக மாடிக் குழாயில் ஹோஸ் மாட்டி மேலே தண்ணீர் அடித்தோம். பத்து நிமிடத்தில் உள்ளே சொட்ட ஆரம்பித்தது. துணி வழியாக ஒழுகவில்லை, தையல் வழியாகத்தான் ஒழுகியது. இது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு துளை. துணிக்கு எவ்வளவு நல்ல கோட்டிங் கொடுத்தாலும், தைத்த பிறகு உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டவில்லை என்றால் மழை அந்தத் துளைகள் வழியாக இறங்கிவிடும். மேல்துணியை உள்ளிருந்து திருப்பிப் பார்த்தால், தையல் நெடுக கண்ணாடி மாதிரி பளபளப்பான பட்டை ஓட வேண்டும். எங்களுடையதில் வெறும் நூல்தான் இருந்தது. அதோடு அது ஒற்றைத் துணி டென்ட், மழைக்கென்று மேலே தனியாக இன்னொரு துணி கிடையாது.

திருப்பி அனுப்பக் கேட்டோம். பிரித்து, நனைத்துவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். விற்ற பக்கத்தை மறுபடி எடுத்து முழுக்கப் படித்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் எங்கேயும் இல்லை. ஆள் கணக்கு மட்டும்தான்.

அடுத்த மாதம் போனஸ் வந்ததும் கோயம்புத்தூரில் ஒரு கடைக்கே நேரில் போனோம். அங்கே டென்டுகளை நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பார்த்தோம். "6 பேர்" என்று எழுதியதுதான் எங்களுக்கு ஒழுங்காக இருந்தது: 305 சென்டிமீட்டர் அகலம், 275 நீளம், நடுவில் உயரம் ஆறடி. ஆளுக்கு இரண்டு அடி கிடைத்தது, கால்மாட்டில் பை வைக்கவும் இடம் இருந்தது. மாமியார் லேசாகக் குனிந்து நடந்தே உள்ளே போனார். விலை 6,800 ரூபாய். எங்கள் கைக்கு அது பெரிய தொகைதான். இரண்டு ராத்திரிக்கு ஐந்து பேருக்கு ரூம் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அதன் லேபிளில் மேல்துணிக்கு 2,000 எம்.எம்., தரைக்கு 3,000 எம்.எம். என்று போட்டிருந்தது. மழை அளவு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கடைப் பையன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாமல் தாங்கும் என்று அர்த்தமாம். 2,000 என்றால் இரண்டு மீட்டர் தண்ணீர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 200 கிராம் பாரம். ஈரத்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தால் அதைவிட அதிகமாகவே அழுந்தும். அதனால்தான் தரைத்துணி கனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். "வாட்டர்ப்ரூஃப்" என்ற ஒரு வார்த்தையை நம்புவதைவிட இந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

டென்டோடு வந்த முளைகள் மெல்லிய கம்பி. கையாலேயே வளைந்தன. பட்டறையில் சொல்லி ஒன்பது இஞ்ச் நீளத்தில் பத்து இரும்பு முளை அடித்து வாங்கினோம், ஒன்று 25 ரூபாய். அடியில் விரிக்கப் பழைய தார்ப்பாய் இருந்தது. அது டென்டை விட வெளியே நீண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதால், ஓரங்களை உள்பக்கமாக மடித்துவிட்டோம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அக்டோபர் சாயங்காலம் மழை இல்லாமல் இருக்குமா? சில்வர் ஓக் மரத்தடி நிழலாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டார்கள். காவலாளி அண்ணன் விடவில்லை, காற்றடித்தால் கிளை முறிந்து விழும் என்றார். கொஞ்சம் மேடான வெட்டவெளியில் அடித்தோம். ஏழு மணிக்கு இடியோடு மழை பிடித்தது. மின்னலுக்கு டென்ட் பாதுகாப்பே இல்லை என்று தெரியும் என்பதால், இடி ஓயும் வரை ஐந்து பேரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் போய் உள்ளே தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

காலையில் சின்னவன் என்னை எழுப்பி, "அம்மா, ஒழுகுது" என்றான். மேலே உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். எனக்குப் பகீர் என்றது. மாமியார்தான் பார்த்துவிட்டு, "இட்லிச் சட்டி மூடியில நிக்குதே, அதாட்டம்" என்றார். அதுதான் உண்மை. ஐந்து பேரின் மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டிருந்தோம். மறுநாள் ராத்திரி மேல் ஜன்னல்களைத் திறந்து கொசுவலையை மட்டும் இழுத்துவிட்டோம், ஈரம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. புதிதாகப் போகிறவர்கள் இதைப் பார்த்து டென்ட் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அதேபோல் குளிருக்காக உள்ளே அடுப்போ கரியோ வைக்கவே கூடாது. புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் டென்டை மாடிக் கொடியில் நிழலில் இரண்டு நாள் உலர்த்தித்தான் மடித்தோம். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும், கோட்டிங்கும் பிசுபிசுத்து உரியும்.

இனி என் கோரிக்கை. பாக்கெட்டில் விற்கும் பொருட்களுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் இருக்கின்றன. அளவு முக்கியமான பொருள் என்றால் அந்த அளவையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. படுக்கை விரிப்புக்கு நீள அகலம் போடுகிறார்கள். டென்டுக்கு மட்டும் ஏன் ஆள் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்? இந்த விதிகளைக் கவனிக்கும் தொழிலாளர் துறை, ஆன்லைனில் விற்கும் டென்டுகளையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். தரையின் நீள அகலம், நடு உயரம், மேல்துணிக்கும் தரைக்கும் எத்தனை எம்.எம்., தையலுக்கு டேப் உண்டா இல்லையா என்பது தமிழிலும் இருந்தால் என் மாமியார் மாதிரி ஆட்களும் படித்துப் பார்த்து வாங்குவார்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அடுத்த முறை டென்ட் படம் போடும்போது, அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதோடு அது எத்தனை அடிக்கு எத்தனை அடி என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.