கல்லாறு போய்வந்த பிள்ளைகள் சார்பாக நன்றி

ராயபுரம், காசிமேடு சொந்தங்களுக்கு வணக்கம். நம்ம மாலை வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேரும் காலாண்டு லீவில் மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு போய், தமிழ் மறவன் பட்டாம்பூச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

2019இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது அது. முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள், அப்புறம் இலங்கை, அவ்வளவுதான் அதற்கு ஊர். "நம்ம ஏரியாவுக்கு ஏன்க்கா வராது?" என்று ஒருத்தன் மூன்று வாரமாக என்னை விடவில்லை. அதன் புழு நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளர்வது, மரம் அங்கே மலையோரக் காட்டில் இருக்கிறது என்று சொன்னேன். அதைக் கேட்ட தங்கசாலை நாட்டு மருந்துக் கடை ஐயா, டப்பாவைத் திறந்து ஒரு கை நீரடிமுத்து விதையை அள்ளி அவன் கையில் போட்டு, "அந்தக் காலத்துல குஷ்டத்துக்கு இந்த எண்ணெயத்தான்பா தடவுவாங்க" என்றார். காசு வாங்கவே இல்லை. ஐயா, அந்த விதை அவன் பென்சில் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

ரயில் டிக்கெட் பணம் மீன் விற்கும் நம் அம்மாக்களுடையது. தடைக்காலத்தில் வாங்கிய கடனே இன்னும் அடையாத வீடுகள், அதிலும் ஆளுக்கு நூறு, இருநூறு என்று எடுத்துக் கொடுத்ததை என்னால் மறக்க முடியாது. சென்ட்ரல் வரை கொண்டுவிட்ட மூன்று ஆட்டோ அண்ணன்களுக்கும், யானைத் தடம் பார்த்துப் பார்த்து எங்களைக் கூட்டிப்போன வனக் காவலருக்கும் நன்றி.

முதல் நாள் முழுக்க மழை, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மறுநாள் வெயில் ஏறினதும் ஆற்றோர ஈர மணலில் ஆரஞ்சு ஆரஞ்சாக வந்து இறங்கின, இருபதாவது இருக்கும். அதில் ஒன்று பர்வீனின் வியர்த்த மணிக்கட்டில் உட்கார்ந்து, நூல் மாதிரி உறிஞ்சு குழலை நீட்டித் தோலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. இறக்கையை மூடினபோது அடிப்பக்கம் குறுக்கே ஒரு வெளிர் கோடு தெரிந்தது. உப்புக்காகத்தான் அப்படிச் செய்யும் என்றேன். மூச்சு விடாமல் நின்றவள், "உப்பா? எங்க ஊருக்கு வரச் சொல்லுங்கக்கா, கடல் பூரா இருக்கு" என்றாள்.

வரவு செலவு நோட்டு வகுப்பில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். மீதி 640 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் அம்மாக்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். காய்ச்சலால் வர முடியாமல் போன இரண்டு பேருக்காக அதை எடுத்து வைத்திருக்கிறேன்.