நீச்சல் பகுதியை மீனவர் கையில் கொடுங்கள்: டிரையத்லான் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி கரையில் டிரையத்லான் நடத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் என் நண்பனும் கடலூர்க்காரர்கள். நான் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவன் லேத் பட்டறை நடத்துகிறான். இரண்டு பேருக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. கடந்த மார்ச் மாதம் நம் கரையில் நடந்த ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொண்டோம். 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கவேண்டும். நான் முடித்தேன். அவனால் கடலைத் தாண்ட முடியவில்லை. அன்று அந்தப் பக்கமாக ஒரு ஃபைபர் படகு வராமல் போயிருந்தால் இந்த மடலில் நான் எழுதவேண்டியிருந்தது வேறு.

அந்தப் போட்டியின் பெயரையோ நடத்தியவர்களின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர்களிடம் நேரில் பேசிவிட்டோம். இது இனிமேல் இந்தக் கரையில் போட்டி நடத்தப்போகிற எல்லோருக்குமானது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். நீச்சல் பகுதியை எங்கே வைப்பது, எப்போது தொடங்குவது, தொடங்கலாமா வேண்டாமா என்கிற முடிவை அந்தந்தக் கரையின் மீனவர்களிடம் கொடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு முந்தின நாள் மாலையே ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாதையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். கரையில் ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வலையின் கிழிந்த ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கண்ணால் பார்க்காமலே கோத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டார். கொடி நட்டிருந்த இடத்தைக் காட்டினோம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் முப்பது நாற்பதடி அகலத்துக்கு அலையே இல்லாமல் தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாக இருந்தது. பார்த்தால் யாருக்கும் அங்கேதான் இறங்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

"தம்பி, அல உடையாத எடத்துல தண்ணி சும்மா இருக்குன்னு நெனைக்காதீங்க. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பி வெளிய போவுது. போவச்சொல்ல சுகமா இருக்கும். வரச்சொல்ல வுடாது. வெள்ளையா உடையிற எடத்துலதான் கரைக்கு வரணும்" என்றார். அப்புறம் நுரையைக் காட்டினார். நுரை மெதுவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. "வெள்ளம் வடக்க இழுக்குது. காலையில இன்னும் ஜாஸ்தி இருக்கும்." வெள்ளம் என்று அவர் சொன்னது கடல் நீரோட்டத்தை.

அங்கே இருந்த தன்னார்வலரிடம் போய் இதைச் சொன்னோம். பாதை ஏற்கெனவே குறித்தாகிவிட்டது, அனுமதி வாங்கியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். நல்ல பையன்தான், வெயிலில் நின்று களைத்திருந்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். முடிவெடுக்கிறவர் யாரும் அன்று கரையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நூறு மீட்டர் எங்களை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் போனோம். ஏழு மாதப் பயிற்சியின் பலன் என்று நினைத்தேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பம்புசெட்டுக் கிணற்றில் விடிகாலையில் நீந்தி, புதுச்சேரி சாலையில் கன்னியக்கோவில் தாண்டிப் போய்ச் சைக்கிளில் திரும்பி, சில்வர் பீச் சாலையில் ஓடி, இரண்டு பேரும் ஒருநாள்கூட ஒருவரை விட்டு ஒருவர் பயிற்சி செய்ததில்லை. தெரு நாய் துரத்தினாலும் சேர்ந்தே ஓடியிருக்கிறோம். அன்றும் சேர்ந்தேதான் இறங்கினோம்.

முதல் மிதவைக்கு வெளியே திரும்பியதும் வடக்கே இழுப்பு தெரிந்தது. மிதவைகளே நங்கூரத்தோடு நகர்ந்திருந்தன. சரி, எப்படியோ சுற்றி வந்துவிட்டோம். கரை கண்ணுக்குத் தெரிகிறது, அறுபது எழுபது மீட்டர்தான். கை போட்டுக்கொண்டே இருக்கிறோம், கரையில் நிற்கிற வேன் மட்டும் பெரிதாகவே இல்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, கணக்குதான். 750 மீட்டரை 25 நிமிடத்தில் நீந்துகிற சாதாரண ஆள் நிமிடத்துக்கு 30 மீட்டர் போகிறான். எதிரே வரும் தண்ணீர் நிமிடத்துக்கு 15 மீட்டர் என்றால் மிச்சம் பாதி. 30 மீட்டர் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். களைத்துப்போனால் பின்னால் போகவேண்டியதுதான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரைக்கு வரப் பார்ப்பது தவறு. கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்குப் போய்விட்டால் அலையே கொண்டுவந்து சேர்த்துவிடும். பெரியவர் சொன்னதும் அதுதான்.

எனக்கு அந்த நேரத்தில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாதையை விட்டு வெள்ளை அலைப் பக்கம் திரும்பினேன். கரையிலிருந்து விசில் மேல் விசில். பாதைக்குத் திரும்பு என்று கையைக் காட்டினார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு அலையில் தரை தட்டியது. என் நண்பன் விசிலுக்குக் கட்டுப்பட்டான். மிதவை வரிசையை விடாமல் அந்தக் கருத்த தண்ணீரிலேயே எதிர்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பாதுகாப்புக்கு விட்டிருந்த ஒரு கயாக், அதாவது சிறு துடுப்புப் படகு, அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவன் பிடிக்கவில்லை. பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தான். உண்மையில் டிரையத்லான் விதி அப்படி இல்லை. களைத்தவர் மிதவையையோ படகையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். மூச்சு வாங்கிவிட்டுப் போட்டியைத் தொடரலாம். போட்டிக்கு முன் நடந்த விளக்கக் கூட்டத்தில் இதைச் சொன்னார்களாம், ஆங்கிலத்தில். அவனுக்கு ஆங்கிலம் பேசினால் பாதி புரியும், ஒலிபெருக்கியில் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. அன்று அங்கே அவனைப்போல நிறைய பேர் இருந்தார்கள். தமிழில் பத்து நிமிடம் போதும்.

கயாக் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டது. அவன் வெளியே போய், அங்கிருந்து வடக்கே போக ஆரம்பித்தான். அப்போதுதான் வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் படகில் இருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்கள் செய்ததைக் கரையில் நின்று நான் பார்த்தேன். தூரத்திலேயே எஞ்சினை அணைத்து, அதன் சுழல்விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டார்கள். துடுப்புப் போட்டு அவனுக்கு வடக்கே வந்து நின்றார்கள், இழுப்பே அவனைப் படகிடம் கொண்டுவரும்படி. ஒருவர் கயிற்றை வீசினார். இன்னொருவர் படகு சாயாமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அரை கிலோமீட்டர் வடக்கே அலை குறைவாக இருந்த இடத்தில் கரை சேர்த்தார்கள். குளிரில் நடுங்கியவனுக்குப் படகில் இருந்த ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டு மீனை இறக்கப் போய்விட்டார்களாம்.

எந்தப் பயிற்சி முகாமில் இதைக் கற்றுத்தர முடியும், சொல்லுங்கள்.

நம் கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது இந்தக் கரையில் புதிய செய்தியே இல்லை. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களில் கற்சுவர் போட்டபோது அந்த மணல் தெற்கே தடைபட்டு நின்றது, வடக்கே ஊர்க் கடற்கரை கரைந்துபோனது. இன்று கடற்கரைச் சாலையில் கருங்கல் குவியலாகக் கிடப்பதற்கு அதுவும் காரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓட்டம் தெற்கே திரும்பும். வெளியே ஓடும் அந்தக் கருத்த தண்ணீரோ, ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. நேற்று இருந்த இடம் வேறு, இன்று இருக்கும் இடம் வேறு. ஒரு மாதம் முன்பு வரைபடத்தில் குறித்த பாதை அன்று காலைக்கு எப்படிப் பொருந்தும்?

வெளிநாட்டுப் போட்டிகளைப் பார்த்து நீங்கள் விதிகளை அமைக்கிறீர்கள். அங்கே குளிர்ந்த நீரில் பலர் வெட்சூட் என்கிற ரப்பர் உடை அணிந்து நீந்துகிறார்கள், அது ஆளை மிதக்கவைக்கும். நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு இந்தத் தூரத்தில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் கூடாது என்பது சர்வதேச விதி. நம் கடல் எப்போதும் அதைவிடச் சூடுதான். ஆகவே இங்கே இறங்குகிறவனுக்குத் தன் கை காலைத் தவிர வேறு துணை இல்லை. அங்கே மூன்று கயாக் போதுமென்றால் இங்கே போதாது.

செய்யவேண்டியதாக எனக்குத் தோன்றுவது இது. போட்டி அறிவிக்கும் முன்பே அந்த ஊர் மீனவப் பஞ்சாயத்தைப் போய்ப் பாருங்கள். நாள் குறிப்பதிலிருந்தே அவர்களைக் கேளுங்கள். நான்கைந்து படகுகளை நீச்சல் நேரம் முழுக்க நிறுத்துங்கள், அதற்குக் கூலி கொடுங்கள். நேரம் குறிக்கும் சிப்புக்கும் டி-சர்ட்டுக்கும் பணம் ஒதுக்குகிறீர்கள், இதற்கும் ஒதுக்குங்கள். முடிந்த பிறகு மேடையில் பொன்னாடை போர்த்துவது அதற்கு ஈடாகாது. அவர்களுக்கு அது ஒரு நாள் மீன்பாடு, டீசல் செலவு.

போட்டியன்று காலை ஐந்து மணிக்கு அவர்களோடு கரையில் நின்று பாதையை முடிவு செய்யுங்கள். வடக்கே இழுத்தால் தெற்கே அரை கிலோமீட்டர் எங்களை நடக்கவைத்து அங்கிருந்து இறக்குங்கள், இழுப்போடு வந்து சேர்கிறோம். ஏறும் இடம் இறங்கும் இடமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கடல் சரியில்லை என்று அவர்கள் சொன்னால் நீச்சலை விட்டு ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடத்துங்கள், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. பணம் கட்டியவர்கள் கோபப்படுவார்கள் என்ற பயம் வேண்டாம். பாரீஸ் 2024 ஒலிம்பிக்கிலேயே சேன் நதித் தண்ணீர் சரியில்லை என்று ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள்.

என் நண்பன் கடலை விடவில்லை. இப்போது ஞாயிறுதோறும் காலையில் அந்தப் பெரியவரிடம் போகிறோம். முதலில் அரை மணி நேரம் தண்ணீரைப் பார்க்கவைக்கிறார், எங்கே வெளியே போகிறது என்று எங்களையே சொல்லச் சொல்கிறார். சரியாகச் சொன்னால்தான் இறங்க விடுகிறார். போன வாரம் அவன் சரியாகச் சொன்னான், நான் தவறாகச் சொன்னேன். இரண்டு பேரையும் இறங்க விடவில்லை.

அடுத்த போட்டிக்கும் சேர்ந்தே பதிவு செய்வோம். அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை வாருங்கள், அவரிடம் நாங்களே கூட்டிப் போகிறோம். காலை ஏழு மணிக்கு மேல் படகு நிழலில்தான் இருப்பார்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு போட்டியாளர்