சமூகக் கொள்கை, ஏற்றத்தாழ்வு வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒரு கோரிக்கை வைத்தீர்கள். பேச்சாளரை அழைத்துக் கேட்டுவிட்டுக் கலைந்து போவது போதும், ஏற்றத்தாழ்வு பற்றிய புள்ளிவிவரங்களை நாமே எடுத்துப் பார்க்கவும், ஒரு நலத்திட்டம் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று நாமே பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும் என்றீர்கள். அதை ஒட்டியே இந்த ஆண்டு நிகழ்ச்சிகள் அமைந்தன. சொற்பொழிவுகளைக் குறைத்துப் பயிற்சிக் கூட்டங்களைக் கூட்டினோம். வருகை குறையும் என்று செயற்குழுவில் சிலர் தயங்கினார்கள். குறையவில்லை. ஒருமுறை வந்தவர்கள் அடுத்த முறை வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டி வந்தார்கள்.

அதிகம் பேசப்பட்டது காகித நாடா நிகழ்ச்சிதான். நெதர்லாந்தின் பொருளாதார அறிஞர் யான் பென் 1971-இல் ஓர் ஊர்வலத்தைக் கற்பனை செய்தார். நாட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வருமான வரிசைப்படி ஒரு மணி நேரத்தில் நம்மைக் கடந்து போகிறார்கள். அவரவர் உயரம் அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி. பாதி நேரம் கழிந்த பிறகும் குள்ளர்களே வந்துகொண்டிருக்கிறார்கள். சராசரி உயரமுள்ளவர் வரும்போது ஊர்வலம் முடிய ஏறக்குறைய 12 நிமிடம்தான் மிச்சம். கடைசி நொடிகளில் வருகிறவர்களின் தலை கண்ணுக்கே எட்டுவதில்லை.

இதை உலக அளவுச் சொத்துக்குப் போட்டுப் பார்த்தோம். எடுத்துக்கொண்டது 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை. உலக மக்களில் கீழ்ப்பாதியினரிடம் மொத்தச் சொத்தில் 2 சதவீதம். மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம் 76 சதவீதம். அதற்குள்ளும் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினரிடம் 38 சதவீதம் இருப்பதாக அது சொல்கிறது. ஒருவருக்கான சராசரிச் சொத்தை ஒரு மீட்டர் நாடா என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். கீழ்ப்பாதியில் உள்ள ஒருவருக்கு வந்தது 4 சென்டிமீட்டர், கட்டைவிரல் நீளத்தைக்கூட எட்டவில்லை. நடுவில் உள்ள 40 சதவீதத்தில் ஒருவருக்கு 55 சென்டிமீட்டர். மேல் 10 சதவீதத்தில் ஒருவருக்கு 7.6 மீட்டர். அந்த நாடா மேடையிலிருந்து நாற்காலி வரிசைகளைத் தாண்டிப் போனது. உச்சி 1 சதவீதத்தின் நாடா 38 மீட்டர். கூடத்துக்குள் அடங்கவில்லை, இரண்டு இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் படியிறங்கி நடந்தார்கள். 4 சென்டிமீட்டர் துண்டைக் கையில் வைத்திருந்த பள்ளி மாணவி, "இதுவும் சராசரிதானே, இதற்குக் கீழேயும் ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டாள். இருப்பார்கள். கடன் சொத்தைவிட அதிகமாக இருப்பவருக்கு நாடாவே கிடையாது. அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரி நகர்ந்தது. இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதற்கே அடுத்த கூட்டத்தை ஒதுக்கினோம். வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில் பெரும்பணக்காரர்கள் சரியாகச் சிக்குவதில்லை. மாதிரியில் அவர்கள் வருவதே அபூர்வம், வந்தாலும் முழு வருமானம் பதிவாவதில்லை. ஆகவே அந்த அறிக்கைக்கு அடிப்படையான உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் வரிப் பதிவுகள், குடும்பக் கணக்கெடுப்பு, தேசியக் கணக்குகள் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒரே நாட்டுக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் கிடைத்தால், ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எந்தப் பதிவிலிருந்து எடுத்தது, வரிக்கு முன்பா பின்பா, தனிநபருக்கா குடும்பத்துக்கா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் எழுதி நூலக அறையில் ஒட்டியிருக்கிறோம்.

ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் ஜினி குறியீட்டையும் அதே கூட்டத்தில் எடுத்தோம். வருமானமோ சொத்தோ எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று காட்ட 1905-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் லோரென்ஸ் வரைந்த வளைகோடு, 1912-இல் இத்தாலியப் புள்ளியியல் அறிஞர் கொராடோ ஜினி தந்த அளவு, இரண்டையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். எல்லாருக்கும் சமமாக இருந்தால் பூஜ்ஜியம், ஒருவரிடமே எல்லாம் இருந்தால் ஒன்று. வசதியான அளவுதான். ஆனால் ஏற்றத்தாழ்வு நடுவில் இருக்கிறதா, உச்சியில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மேல் 10 சதவீதத்தின் பங்கைக் கீழ் 40 சதவீதத்தின் பங்கால் வகுக்கும் பால்மா விகிதம் அதைவிடத் தெளிவாகப் பேசுகிறது என்பது என் கருத்து. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அதையே சொல்லிக் கொடுக்கலாம்.

வரைபட மாலை சிறியது, ஆனால் மறக்க முடியாதது. ஆங்கிலேயச் சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, வசதிக்கு ஏற்ப வண்ணம் பூசிய வரைபடங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். லண்டன் பொருளாதாரப் பள்ளி அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மஞ்சள் நிறம் பணக்காரத் தெரு, கருப்பு நிறம் அடிமட்டத் தெரு. அந்தக் கருப்புக்குத் தந்திருக்கும் விளக்கத்தில், அங்கே வாழ்கிறவர்கள் தீயவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்று எழுதியிருக்கிறது. லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த ஆய்வு அது. அவ்வளவு உழைப்பைக் கொட்டிய ஆய்விலும், ஏழையின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு வண்ணக்குறிப்போடு சேர்ந்தே வந்துவிட்டது. இன்றைய திட்டங்களின் தகுதி விதிகளைப் படிக்கும்போதும் இந்தக் கண்ணோடு படியுங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, விண்ணப்பப் படிவப் பயிற்சி. வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் உதவித்தொகை தரும் கற்பனைத் திட்டம் ஒன்றுக்கு நாமே படிவம் தயாரித்தோம். பாதிப் பேர் அலுவலர்களாகவும், மீதிப் பேர் விண்ணப்பதாரர்களாகவும் உட்கார்ந்தார்கள். மாத வருமானம் என்ற கட்டத்திலேயே தடங்கல் ஆரம்பித்தது. வாராவாரம் கூலி மாறும் ஒருவர் அதில் என்ன எழுதுவார்? நிரந்தர முகவரி கேட்டோம்; அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர் திகைத்தார். குடும்பத் தலைவரின் கையெழுத்துக் கேட்டோம். கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணாக நடித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் விதிப்படி தகுதி உள்ளவர்களில் பலர் கடைசிவரை வந்து சேரவே இல்லை. தகுதியில்லாதவர் உள்ளே நுழைவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். தகுதி உள்ளவர் விடுபட்டுப் போவது சத்தமில்லாமல் நடக்கிறது. விடுபட்டவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காதே.

ஏழைகளுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லாருக்கும் கொடுப்பதா என்ற விவாதம் அன்று நேரம் போதாமல் நின்றது. கோர்பி, பால்மே என்ற சுவீடன் அறிஞர்கள் இருவர் 1998-இல் முன்வைத்த வாதத்தை அங்கே எடுத்துச் சொன்னோம். ஏழைகளுக்கு என்றே குறிவைத்துக் கொடுக்கும் நாடுகளைவிட, பரவலாகக் கொடுக்கும் நாடுகளே ஏற்றத்தாழ்வை அதிகம் குறைக்கின்றன. காரணம், நடுத்தர வர்க்கமும் பயன்பெறும் திட்டத்துக்கு நிதியும் ஆதரவும் பெருகுகின்றன என்பது அவர்கள் வாதம். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு முன்பு போல் அழுத்தமாகத் தெரியவில்லை. இரு தரப்பையும் படித்துவிட்டு வாருங்கள், அடுத்த ஆண்டு தொடர்வோம்.

அக்டோபர் 17, உலக வறுமை ஒழிப்பு நாள். 1987-இல் பாரீஸின் த்ரோகதேரோ திடலில் கூடிய மக்கள் கூட்டத்திலிருந்து வந்த நாள் அது. ஐக்கிய நாடுகள் சபை 1992-இல் ஏற்றுக்கொண்டது. அன்று மேடையில் அறிஞர் யாரும் வேண்டாம், வறுமையை வாழ்ந்தவர்கள் பேசட்டும் என்று முடிவு செய்திருந்தோம். வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா பேசினார். "எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. எழுதினதை ஒருத்தரும் திரும்ப வந்து எங்களுக்குப் படிச்சுக் காட்டலை" என்றார். அவர் சொன்னதை ஏற்று, நம் வட்டம் யாரிடம் எதைக் கேட்டு எழுதினாலும் அதை அவர்களிடமே முதலில் வாசித்துக் காட்டுவது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். பிப்ரவரி 20, உலகச் சமூக நீதி நாளன்று பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமிட்ட 1942-ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கையைப் பற்றிய அறிமுகமும் நடந்தது.

நூலகத்துக்கு இந்த ஆண்டு புத்தகங்களைவிட இணைய வளங்களே அதிகம் சேர்ந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ இருவரின் உலக வறுமை பற்றிய வகுப்புகளைச் சிறு குழு ஒன்று தொடர்ந்து பார்க்கிறது. உலக நாடுகளின் குடும்பங்களை வருமான வரிசைப்படி படங்களாகக் காட்டும் கேப்மைண்டர் அமைப்பின் டாலர் ஸ்ட்ரீட் இணையதளம், ஆங்கிலம் தெரியாத உறுப்பினர்களுக்கும் குழந்தைகளுக்கும் நன்றாகப் பயன்படுகிறது. அடுப்பு, படுக்கை, பல் துலக்கும் பொருள் என்று வரிசையாகப் பார்த்தாலே பாதி பாடம் புரிந்துவிடும். மற்றவை ஆங்கிலத்தில் இருப்பதால், கூட்டத்துக்கு முன் தமிழில் குறிப்பு எழுதித் தரும் தோழர்களுக்கு நன்றி. அவர்கள் இல்லாமல் இந்த ஆண்டு வேலை பாதி நின்றிருக்கும். இன்னும் சிலர் முன்வர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இவை. உடல்நலமும் பதவிப்படிநிலையும் பற்றிய கூட்டம் ஒன்று: பிரிட்டன் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், அலுவலகத்தின் கடைநிலை ஊழியர்கள் உயர்நிலை அதிகாரிகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தது தெரியவந்தது. எல்லாரும் நிலையான வேலையில் இருந்தவர்கள். அதை அட்டவணையோடு படிக்க வேண்டும். படிவப் பயிற்சியை வெளியே மற்ற அமைப்புகளுக்கும் கொண்டு போகலாம். மாலை நேரத்தில் வர முடியாத வேலைக்காரப் பெண்களுக்காக ஒரு கூட்டத்தையாவது ஞாயிறு பகலுக்கு மாற்ற வேண்டும்; அதற்கு இடம் தேட உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

இவ்வறிக்கையையும், வாசித்துக் காட்டும் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்