மேற்கு மாம்பலம் தெருப் பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

நமது நலச்சங்க உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நமது தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் அதைத் தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் விக்கினமின்றி நிறைவேறின. பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி எவ்வாறு நடந்தது, எது மீதமிருக்கிறது என்பதை இந்த அறிக்கை தெரிவிக்கிறது. வரவு செலவு அட்டவணை தணிக்கையாளர் சான்றுடன் தனியே இணைக்கப்பட்டிருப்பதால் ரூபாய்க் கணக்கை இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டவணையைப் புரட்டும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். விமானத்துக்கும் சுதைக்கும் ஆனதைவிடத் தரைக்கடியில் போன பணம் ஏன் அதிகம்? மண்டலாபிஷேக நாட்களிலேயே சிலர் இதை நேரில் கேட்டுவிட்டார்கள். அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான விடைதான்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். அந்தக் கெடு வந்ததால்தான் திருப்பணிப் பேச்சே தொடங்கியது. விமானத்தில் காரை பெயர்ந்திருந்தது, மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து தளர்ந்திருந்தது. இவை எந்தக் கோயிலிலும் காலத்தால் வருபவை. நம் கோயிலின் உண்மையான நோய் வேறு. மூத்த உறுப்பினர்கள் படியேறிச் சென்று கும்பிட்ட கோயிலுக்குள் இப்போது படியிறங்கித்தான் போக வேண்டியிருந்தது. கோயில் இருந்த இடத்தில்தான் இருந்தது; ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மழை வலுத்தால் தெருத் தண்ணீர் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அர்த்தமண்டபம். மூலவரைச் சுற்றி நீர் நின்ற பிறகு பீடத்தின் மருந்து எப்படி உறுதியாக நிற்கும்?

நாம் குடியிருக்கும் நிலத்தின் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள தியாகராய நகர், 1920களில் பழைய நீண்ட ஏரியின் படுகையில் எழுப்பப்பட்ட ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரிக்கு மேற்கே இருந்தது நம் மாம்பலம். ஏரி போனாலும் நீரின் வழி மாறவில்லை. தியாகராய நகரின் மழைநீரை அடையாற்றில் சேர்க்கும் மாம்பலம் கால்வாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் கண்டோம். அந்த மாதம் 7-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. நம் கோயிலில் சங்கடஹர சதுர்த்தி பூஜை முழங்கால் நீரில் நடந்ததும் அந்த மழைக்காலத்தில்தான்.

ஸ்தபதி, கட்டுமானப் பொறியாளர், குருக்கள் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து மூன்று வழிகளைப் பரிசீலித்தோம். முதல் வழி, இப்போது சென்னையில் வீடுகளுக்குச் செய்வதுபோல் ஜாக்கி வைத்துக் கோயிலைத் தூக்குவது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் விமானம் அந்த அசைவைத் தாங்கும் என்று பொறியாளர் எழுத்தில் தரத் தயாராக இல்லை. இரண்டாவது, முழுவதையும் பிரித்து உயரமான மேடையில் புதிதாகக் கட்டுவது. இதற்கு உறுப்பினர்களிடையே ஆதரவு அதிகம், உபயம் தர முன்வந்தவர்களும் இருந்தார்கள். மூன்றாவது, கோயிலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுத் தெருவைக் கீழே இறக்கி, தண்ணீருக்கு வழி காட்டுவது.

பொதுக்குழு மூன்றாவதை ஏற்றது. அதற்கான காரணத்தை, அன்று வராதவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறோம். கோயில் மேடான அன்றே அதன் பிராகாரத்தில் தேங்கிய நீர் இரு பக்கத்து வீடுகளுக்குள் போகும். அவர்கள் தங்கள் வாசலை உயர்த்துவார்கள். அடுத்த முறை தெருவும் உயரும். இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது, அதில் கடைசியில் தோற்பவர்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். பிள்ளையார் மட்டும் தப்பித்துக்கொள்ளும் திருப்பணி தெருவுக்கு அழகல்ல என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதும் விவாதம் அநேகமாக முடிந்துவிட்டது.

தெருவை இறக்குவது நம் கையில் இல்லாத வேலை. ஆயினும் அதற்கு ஆதாரம் இருந்தது. புதிய சாலை போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுத்து, அதே மட்டத்தில்தான் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுகளில், குடியிருப்போர் தங்கள் பகுதிக் குறைகளை எடுத்துவைக்கும் பகுதி சபைகளும் ஏற்பட்டன. நாங்கள் வெறும் கோரிக்கையாகக் கொண்டுபோகாமல், நில அளவையாளரைக் கொண்டு தெருவின் இரு முனைகள், கோயில் வாசல், மழைநீர் வடிகாலின் அடிமட்டம் ஆகியவற்றின் மட்டங்களை எடுத்து, ஒரே தாளில் வரைந்து பகுதி சபையிலும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்தோம். வாய்ப்பேச்சு கேட்ட கூட்டங்களில் நிலவிய சலிப்பு, அந்தத் தாளை மேசையில் விரித்தபோது காணப்படவில்லை.

இயந்திரம் வந்து தாரைச் சுரண்டிய இரவு குழுவில் பெரும்பாலோர் உடனிருந்தோம். கோயில் வாசலருகே வெட்டிய குழியின் பக்கச்சுவரில் தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில் ஓர் அடுக்கு மண்ணும் சிவப்பு ஜல்லியும், மறுபடி தார், எல்லாவற்றுக்கும் அடியில் ஓரம் தேய்ந்த கருங்கல் ஒன்று. அது கோயிலின் பழைய முதற்படி. அதை எடுத்துக் கழுவி, இருந்த இடத்திலேயே திரும்பப் பதித்திருக்கிறோம். இன்று கோயிலுக்குள் போகிறவர் அந்தப் படியில் கால்வைத்து ஏறித்தான் போகிறார்.

வடிகால் விஷயத்தில் எங்கள் அனுபவத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் இனி இதைப் பார்த்துக்கொள்ளப்போவது நாம்தான். வடிகால் இருந்தது, அதற்குள் தண்ணீர் போகும் வாய்கள்தான் அடைந்திருந்தன. சில வாய்கள் தார்ப்பூச்சில் மூடியிருந்தன, சிலவற்றின் மேல் கார் ஏற்றுவதற்காகக் கட்டிய சாய்தளங்கள் உட்கார்ந்திருந்தன. இன்னும் இரண்டு இடங்களில் கழிவுநீர்க் குழாய்களே மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தன. அந்தக் குடியிருப்புகளின் பெயரை இங்கே எழுதுவதில்லை என்ற உறுதியின் பேரில் பேசினோம். இரண்டும் முறையான கழிவுநீர் இணைப்புக்கு மாறிவிட்டன. சாய்தளங்களைப் பொறுத்தவரை பெரும்பாலோர் வாசலுக்கு உட்பட்டு வெட்டிக்கொண்டார்கள். சில மனவருத்தங்கள் ஏற்பட்டது உண்மை. தன் வாசலில் இருந்து தெருவுக்குள் இரண்டடி நீண்ட சிமெண்ட் மேட்டைத் தனது பாரம்பரிய உரிமைபோல் கருதும் பழக்கம் நம் ஊரில் வேர்விட்டிருக்கிறது. அதைக் கும்பாபிஷேகத்தின் பெயரால் மட்டுமே அசைக்க முடிந்தது என்பதே குழுவின் கணிப்பு.

பிராகாரத்தின் வடகிழக்கு மூலையில் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் மீள்நிரப்புக் கிணறு ஒன்று தோண்டி உறையிறக்கியிருக்கிறோம். மேலே நிரப்பிய மண், அதன் கீழே களி, அதையும் கடந்தபின் மணல் வந்தது. மணல் வரும்வரை போகாத கிணறு வெறும் தொட்டியாகவே இருந்திருக்கும். கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது என்றாலும், பல வீடுகளில் அது களியில் நிற்கும் ஒரு குழியாகவே உள்ளது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த நாட்களை நினைவுகூர்ந்து, சில வீட்டார் இந்தக் கிணற்றைப் பார்த்துத் தங்கள் குழிகளையும் ஆழப்படுத்தக் கேட்டிருக்கிறார்கள். கொத்தனாரின் விவரம் சங்கத்தில் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மொட்டைமாடியிலும் பிராகாரத்திலும் விழும் மழைநீர் மட்டுமே, வண்டல் தொட்டி வழியாக, இக்கிணற்றுக்குச் செல்கிறது. கோமுகி வழியாக வரும் அபிஷேக நீரில் பாலும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது தனி வாய்க்காலில் நந்தியாவட்டைப் பாத்திக்குப் போகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் மணல் பிசுக்கேறிக் கிணறு நின்றுபோகும். இனி வரும் பரிசாரகர்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

மேற்பணிகள் சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. விமானத்தின் பழைய எனாமல் பூச்சைக் கையால் சுரண்டியே எடுத்தோம். விரைவாக முடியும் என்று, மணலை விசையோடு பீய்ச்சிப் பூச்சை உரிக்கும் மணல்வீச்சு முறையைச் சொன்னவர்கள் உண்டு. அறநிலையத் துறை தன் கோயில்களில் தடை செய்த முறையை நாம் ஏன் கைக்கொள்ள வேண்டும் என்று மறுத்துவிட்டோம். பெயர்ந்த இடங்களில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையே பூசப்பட்டது. தரையில் வழவழப்பான டைல்ஸ் போட வேண்டும் என்ற வேண்டுகோளும் வந்தது. எண்ணெய்யும் தண்ணீரும் சிந்தும் இடத்தில் முதியவர்கள் வழுக்கி விழுவார்கள் என்பதால் கொத்திய கருங்கல் தளவரிசையே போடப்பட்டுள்ளது. தரை பார்க்கப் பளபளக்கவில்லை என்ற குறையைக் குழு தாராளமாக ஏற்கிறது.

அஷ்டபந்தன மருந்து இடித்ததைப் பார்க்க இளைஞர்கள் திரண்டது எதிர்பாராத மகிழ்ச்சி. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டையும் கல்லுரலில் இட்டு, முறை மாற்றி முறை மாற்றி உலக்கை போட்டார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி, கையில் எடுத்தால் மெழுகுபோல் இழுபட்ட பதத்தில் அதைத் திரித்துப் பீடத்தின் விளிம்பைச் சுற்றி அணைத்தார் ஸ்தபதி. திருப்பணி முடியும்வரை மூர்த்தியை வேறிடத்தில் ஆவாகனம் செய்து வழிபடும் பாலாலயம் முதல் யாகசாலை வரை எல்லாமே தெருவிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும்தான் நடந்தன. தம் கார்களை அந்த நாட்களில் வெளியே நிறுத்திக்கொண்டவர்களுக்கும், யாகசாலைக்காகத் தம் இடத்தை விட்டுக்கொடுத்து எதிர்ப்பக்கம் கடை போட்ட பூக்கார அம்மாவுக்கும் குழு நன்றி தெரிவிக்கிறது. அவர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். வாசல் விரிவானதைக் காட்டி அந்த இடத்தை வேறு எவருக்கும் தருவதற்கில்லை.

மீதமுள்ளவற்றைப் பற்றி. தெருவில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, கீழே வாகன நிறுத்தம் விட்ட அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி அவை எழும்புவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அடித்தளம் தோண்டும்போது இறைக்கும் சேற்றுநீரும் சிமெண்ட் கழுவிய நீரும் வடிகாலில் விழுந்தால் நாம் செய்த அத்தனையும் ஒரு மாதத்தில் வண்டலாகிவிடும். கட்டட உரிமையாளர்கள் வண்டல் தொட்டி வைத்தே நீரை வெளியேற்ற வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். ஒருவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. சாய்தளங்களில் ஒன்றும் அப்படியே இருக்கிறது.

கும்பாபிஷேகத்துக்குப் பின் பெய்த மழைகளில் அர்த்தமண்டபம் நனையவில்லை. ஆனால் அவை கோடைமழைகளே. 2021-இல் பெய்ததுபோல் பெய்து, அடையாறும் நிரம்பி ஓடும்போது எந்த வடிகாலும் உடனே வடியாது. அத்தகைய நாட்களுக்காக வாசலில் பலகை சொருகும் காடிகளைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறோம், பலகைகள் மடைப்பள்ளியில் உள்ளன.

தெருவின் இப்போதைய மட்டத்தைக் காட்டும் கோடு பொறித்த கல் ஒன்று கோயில் மதிலில், முதற்படிக்கு வலப்புறம் பதிக்கப்பட்டுள்ளது. அடுத்த முறை சாலை போட ஆட்கள் வரும்போது அந்தக் கோட்டுக்கு மேல் தார் ஏறாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ள இரு உறுப்பினர்கள் தேவை. வடிகால் வாய்களையும் வண்டல் தொட்டியையும் புரட்டாசிக்குள் தூர்வாரும் பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும். மட்ட வரைபடம், மனுக்களின் நகல்கள், ரசீதுப் புத்தகங்கள் யாவும் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. வரும் பொதுக்குழுவில் அந்த இருவரைத் தேர்ந்தெடுத்த பின் திருப்பணிக் குழு கலைக்கப்படும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்